ஐபி கான்ஃபரன்ஸ் போன் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் வியாபாரிகளின் மேசைக்கு, இணையம் வழியே பலர் ஒன்றாகப் பேச உதவும் ஐபி கான்ஃபரன்ஸ் போன் வந்துவிட்டது. போடியில் இருக்கும் முதலாளி, புற்றடி ஏலத்துக்குப் போனவர், கொச்சி ஏற்றுமதிக்காரர் மூவரும் ஒரே அழைப்பில் விலை பேசுகிறார்கள். மாட்ட வரும் தம்பிகளோ, நாங்கள் ஆரம்பத்தில் செய்த தவறுகளை அப்படியே செய்கிறார்கள். கேபிள் சரியாகச் சொருகாதது, பாஸ்வேர்டில் எழுத்து மாறியது போன்றவை தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விடுகிறேன்.

யூசர் ஐடி, ஆத்தென்டிகேஷன் ஐடி

பல சேவைகளில் இரண்டும் ஒன்றுதான். சிலவற்றில் முதலாவது எக்ஸ்டென்ஷன் எண், இரண்டாவது வேறொரு நீளமான பெயர். கொடுத்த தாளை முழுதாகப் படிக்காமல் இரண்டு கட்டத்திலும் எண்ணையே அடித்தால் போன் சேவைக்காரரின் சர்வரில் ரிஜிஸ்டர் ஆகாது.

ஸ்டேட்டிக் ஐபி

போனில் கையால் 192.168.1.50 என்று அடித்துவிட்டுப் போகிறார்கள். ரவுட்டர் அதே எண்ணை இன்னொரு நாள் பில்லிங் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும், இரண்டும் மாறிமாறி அறுந்துபோகும். போனை டிஎச்சிபியில், அதாவது ரவுட்டரே ஐபி கொடுக்கும் முறையில் விட்டு, அதன் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ரவுட்டரிலேயே ஒரு ஐபியை ஒதுக்குங்கள்.

டிஎம்இசட்

இன்றும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது.

மலைமேல் ஒரு ஏலக்காய் ஆபீஸில் இருந்து தம்பி கூப்பிட்டான். “அண்ணே, நாம பேசறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசறதுதான் நமக்குக் கேக்கல.” நான் போய்ச் சேர்வதற்குள் யாரோ சொன்னதைக் கேட்டு, ரவுட்டரில் போனின் ஐபியை டிஎம்இசட்டில் போட்டுவிட்டான், அதாவது வெளியிலிருந்து வரும் எல்லாமே நேரே போனுக்குப் போகும்படி திறந்துவிட்டான். குரல் வந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பிறகு நடுராத்திரியில் போன் அடிக்க ஆரம்பித்தது. திரையில் 100, 1001 என்ற எண்கள். காவல்காரர் எடுத்தால் மறுமுனையில் சத்தமே இல்லை. ஐபி போன் அழைப்பு வரும் வாசலான 5060 போர்ட்டை இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்களின் வேலை அது. அதோடு நிற்கவில்லை. போனின் செட்டிங்ஸ் வெப் பக்கமும் வெளியே திறந்து கிடந்தது, அட்மின் பாஸ்வேர்டோ பெட்டியில் வந்ததே, மாற்றவில்லை. உள்ளே புகுந்தவன் கணக்கைப் பிடித்து வெளிநாட்டு எண்களுக்கு அழைத்தான். பேலன்ஸ் முழுக்கப் போனபிறகுதான் முதலாளிக்கே தெரிந்தது.

ஒருபக்கக் குரலுக்குக் காரணம் எளிது. அழைப்புச் செய்திக்குள் போன் தன் உள் முகவரியை எழுதி அனுப்புகிறது. வெளியே இருக்கும் சர்வர், உள்ளுக்குள் மட்டும் செல்லுபடியாகும் 192.168 என்ற முகவரிக்குக் குரலை எப்படி அனுப்பும்? அதைத் திருத்துகிறேன் என்று பல ரவுட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்றொன்று ஓடுகிறது (எஸ்ஐபி என்பது ஐபி போன்கள் அழைப்பை இணைக்கும் விதிமுறை). பெரும்பாலும் அதுதான் செய்தியைக் குழப்புகிறது. முதலில் அதை அணைத்து, ரவுட்டரையும் போனையும் ரீபூட் செய்யுங்கள். ரவுட்டரில் வழி மூடாமலிருக்க போன் அவ்வப்போது அனுப்பும் கீப்-அலைவை 20 அல்லது 30 நொடி வையுங்கள். சேவைக்காரர் ஸ்டன் முகவரி (போன் தன் வெளி முகவரியைக் கேட்டறியும் சர்வர்) தந்திருந்தால் போடுங்கள். ரிஜிஸ்டர் ஆன சர்வரிடமிருந்து மட்டும் அழைப்பை ஏற்கும் வசதி போனில் இருந்தால் ஆன் செய்யுங்கள்.

அழைப்பு சரியாக 32 நொடியில் அறுகிறதா? எடுத்ததற்கான உறுதிச் செய்தி வழியில் தொலைகிறது என்று அர்த்தம். எஸ்ஐபி விதிப்படி அரை நொடியின் 64 மடங்குதான் காத்திருக்கும் நேரம். அங்கும் ஏஎல்ஜியைத்தான் முதலில் பாருங்கள்.

ரவுட்டரின் வான் ஐபி (வெளிப்பக்க முகவரி) 100.64 முதல் 100.127-க்குள் இருந்தால், இணைய நிறுவனமே உங்களைப் பலருக்கும் பொதுவான ஒரு முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அங்கே டிஎம்இசட் போட்டும் பயனில்லை.

அட்மின் பாஸ்வேர்டு

மாட்டிய உடனே மாற்றுங்கள். போனுக்கு அடியில் எழுதி ஒட்டாதீர்கள்.

பிஓஇ

நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகும் முறை இது. வைஃபை ரேடியோவின் 24 வோல்ட் இன்ஜெக்டரைப் போனுக்குச் சொருகாதீர்கள்.

நேரம்

இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி கட்டாயம், நேர மண்டலம் +5:30. தேதி தவறினால், பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ் ஏற்கப்படாது.

கோடெக்

குரலை டேட்டாவாக மாற்றும் முறைதான் கோடெக். அதில் ஜி.711 ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கேபிபிஎஸ் தின்னும். மூவரைப் போனே சேர்த்தால் இரண்டு அழைப்புகள் ஓடும், அப்லோடும் இருமடங்கு வேண்டும். மலைமேல் 4ஜி டாங்கிளை நம்பி இருப்பவர்கள், குறைவாகத் தின்னும் ஜி.729-ஐ முதலில் வையுங்கள். குரல் கொஞ்சம் மங்கினாலும் விலை தெளிவாகக் கேட்கும்.