மேசைமேல் ஓர் அந்நிய உயிர்: ‘தி பிளாப்’ காட்டிய வழியில் கூழ் அரக்கனைப் படமாக்குவது எப்படி

1958 செப்டம்பரில் வெளியான ‘தி பிளாப்’ படத்தில், விண்கல்லொன்றிலிருந்து வெளிப்படும் அந்நிய உயிருக்கு முகமில்லை, கண்ணில்லை, கை கால்கள் இல்லை. அது வெறும் கூழ். தொட்டவரை விழுங்கும், விழுங்கியதும் வளரும். மதச் சார்பான படங்களை எடுத்துவந்த வேலி ஃபோர்ஜ் என்ற சிறிய நிறுவனம் இதை ஹாலிவுட்டுக்கு வெகு தொலைவில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சுமார் 1,10,000 டாலர் செலவில் எடுத்து முடித்தது. இர்வின் யேவொர்த் இயக்க, ஜாக் ஹாரிஸ் தயாரித்தார். ஸ்டீவ் மெக்வீன் முதன்முறையாகக் கதாநாயகனாக நடித்தார். குறைந்த செலவில் அறிவியல் திகில் குறும்படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகத்தை நான் அறியேன். ஏனெனில் இதன் அரக்கன் பிறந்த இடம் ஒரு மேசை. அந்த மேசையை இன்றைக்கும் நம் வீட்டில் அமைத்துக்கொள்ள முடியும்.

முதலில் கூழ் வேண்டும். படக்குழுவினர் சிவப்புச் சாயம் கலந்த சிலிக்கோனைப் பயன்படுத்தினார்கள். அது எளிதில் உலராது. படம் வெளிவந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அதே கூழ் ஒரு வாளியில் பாதுகாக்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டது. நமக்கு எளிதில் கிடைப்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும் பிசின்; கடைகளில் இதைக் குவார் கம் என்று கேட்டு வாங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை வேகமாகக் கலக்கிக்கொண்டே 5 முதல் 10 கிராம் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். அது கெட்டிப்பட்ட பிறகு, 100 மில்லி தண்ணீரில் 4 கிராம் வெண்காரம் (போராக்ஸ்) கரைத்த கரைசலிலிருந்து ஏறத்தாழ 50 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறினால், கூழ் இழுபட்டு, வழிந்து, மறுபடி ஒன்றுசேரும் தன்மையைப் பெறும். வெண்காரம் வாயிலோ கண்ணிலோ படக்கூடாது. சிறுவர்கள் உடன் வேலை செய்தால் கையுறை கட்டாயம்.

சாயத்தை இப்போதே கலந்துவிடாதீர்கள். படத்தில் விண்கல்லுக்குள் இருக்கும் கூழ் கண்ணாடிபோல நிறமற்றது. முதியவர் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்ட பிறகே அது சிவக்கத் தொடங்குகிறது. அது எதைத் தின்று வளர்கிறது என்பதை ஒரு வார்த்தை வசனமும் இல்லாமல் நிறமே சொல்லிவிடுகிறது. ஆகவே கூழை மூன்று பாத்திரங்களில் பிரித்து, நிறமற்றது, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு என்று வைத்துக்கொண்டு, கதையின் வரிசைப்படி பயன்படுத்துங்கள்.

அடுத்தது அரங்கம். மரத்தில் குட்டி வீடு கட்டுவதற்குப் பணமும் பல வாரங்களும் வேண்டும். அதற்குப் பதிலாக அவர்கள் உண்மையான இடங்களின் புகைப்படங்களைச் சிறு அரங்கங்களாகப் பயன்படுத்தினார்கள். நீங்கள் நடிகர்களை வைத்து எடுக்கப்போகும் அதே அறையை, அதே கோணத்திலிருந்து, அதே வெளிச்சத்தில் படம்பிடித்து, பளபளப்பில்லாத தாளில் பெரிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். பளபளக்கும் தாளில் விளக்கு பிரதிபலித்து, அது காகிதம் என்பது உடனே தெரிந்துவிடும். அச்சைத் தடித்த அட்டையில் ஒட்டி, கூழ் நுழைய வேண்டிய கதவிடுக்கு, சன்னல், காற்றுத் துளை ஆகியவற்றை மட்டும் கூரிய கத்தியால் வெட்டி எடுங்கள். தரைக்குத் தனி அட்டை வைப்பது நல்லது. கேமராவின் உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அறையை 150 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து படம்பிடித்து, அரங்கத்தை 25இல் ஒரு பங்கு அளவில் அமைத்திருந்தால், லென்ஸ் மேசைப்பரப்பிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் பார்வையாளர் பொம்மை வீட்டைக் குனிந்து பார்ப்பதுபோல உணர்வார்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். கூழுக்குத் தானாக நகரும் ஆற்றல் கிடையாது. பள்ளத்தை நோக்கி வழிய மட்டுமே தெரியும். ஆகவே அரங்கத்தையும் கேமராவையும் ஒரே பலகையில் அசையாமல் பொருத்திவிட்டு, பலகையைச் சாய்த்துவிட வேண்டும். கேமராவும் கூடவே சாய்வதால் திரையில் அறை நேராகத்தான் நிற்கும். சமதரையில் கூழ் மட்டும் தன் விருப்பம்போல ஊர்ந்து வரும், சாய்வு போதுமானால் சுவரில்கூட ஏறும். எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் அது ‘வேட்டையாட’ப் புறப்படும். இதில் விளக்கையும் அதே பலகையில் பொருத்த மறக்கக்கூடாது. விளக்கு வெளியே நின்றால் பலகை சாயும்போது நிழல்கள் நகர்ந்து ரகசியத்தை உடைத்துவிடும். தொங்கும் விளக்கு, திரைச்சீலை, புகை ஆகியவை அரங்கத்தில் இருக்கவே கூடாது; பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அவை காட்டிக்கொடுத்துவிடும். சாய்ப்பதை மிக மெதுவாக, இருவர் இரண்டு முனைகளைப் பிடித்துச் செய்யுங்கள்.

இரண்டாவது உத்தி, எடுத்ததைத் தலைகீழாக, அதாவது முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஓட்டுவது. உணவகத்தையே கூழ் மூடிக்கொள்ளும் புகழ்பெற்ற காட்சியில், உணவகத்தின் புகைப்படத்தின்மேல் கூழை வைத்து, கேமரா இணைந்த மேசையை அசைத்து அது வழிந்து விழுவதைப் படமாக்கி, பின்னர் முன்பின்னாக மாற்றினார்கள். திரையில் கூழ் கட்டடத்தின்மீது ஏறிப் போர்த்திக்கொள்கிறது. இதைச் செய்யும்போது ஒரு சிக்கல் வரும். வழிந்து போன கூழ் ஈரத்தடத்தை விட்டுச்செல்லும். தலைகீழாக ஓட்டினால் அது இன்னும் வந்து சேராத இடம் முன்பே நனைந்திருப்பதாகத் தெரியும். அச்சின்மேல் பளபளப்பில்லாத லேமினேஷன் ஒட்டி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்துத் துடைத்துவிட்டால் கூழ் பெரும்பாலும் தடமின்றி விலகும்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய பொருள் விழும் வேகமே அதன் சிறுமையைக் காட்டிக்கொடுக்கும். அரங்கம் எத்தனை மடங்கு சிறியதோ, அந்த எண்ணின் வர்க்கமூல மடங்கு அதிக வேகத்தில் படம்பிடிக்க வேண்டும் என்பது இத்துறையில் பழைய விதி. 25இல் ஒரு பங்கு என்றால் 5 மடங்கு. அதாவது விநாடிக்கு வழக்கமான 24 ஃபிரேமுக்கு (தனித்தனிப் படத்துக்கு) பதிலாக 120 ஃபிரேம். அதை வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது அசைவு மெதுவாகி, பொருள் பெரிதாகத் தோன்றும். பல கைபேசிகளில் இந்த வசதி உண்டு என்பதால்தான் 25இல் ஒரு பங்கு அளவை நான் பரிந்துரைக்கிறேன். கூழ் கூரையிலிருந்து சொட்டும் காட்சிகளுக்கு இது இன்றியமையாதது. தரையில் ஊரும் காட்சிகளில் கூழின் கெட்டித்தன்மையே வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் வழக்கமான வேகம் போதும். நம் வீட்டு மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிப்பதால் 120 ஃபிரேமில் காட்சி மினுமினுக்கும். மின்கலத்தில் எரியும் விளக்கே பாதுகாப்பானது. தனி கேமரா வைத்திருப்பவர்கள் எஃப் 11 அல்லது எஃப் 16 வரை லென்ஸ் துளையைக் குறைத்து, முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும்படி வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

நடிகர்களோடு எடுக்கும்போது கூழைக் குறைவாகவே காட்டுங்கள். மருத்துவர் கொல்லப்படுவதைச் சன்னல் தட்டிகளின் வழியே கதாநாயகன் ஒரு கணம்தான் பார்க்கிறான். அந்த ஒரு கணத்தின் பாரத்தில்தான், யாரும் அவனை நம்ப மறுக்கும் அடுத்த பகுதி முழுவதும் நடக்கிறது. நடிகர் எங்கே பார்க்க வேண்டும் என்பதற்குத் தரையில் ஒரு குறி வைத்து, மேசைக்காட்சியில் கூழ் வரும் திசையோடு அது பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.

பயிற்சிக்கு நான் சொல்லும் காட்சி, மளிகை அங்காடியின் குளிர்பதன அறை. கதாநாயகனும் தோழியும் உள்ளே ஒளிந்துகொள்ள, கதவின் அடியில் நுழையும் கூழ் குளிர் தாங்காமல் பின்வாங்குகிறது. படத்தின் முடிவுக்கான திறவுகோலும் இதுவே. இறுதியில் கரியமில வாயுத் தீயணைப்பான்களால் உறையவைத்து, விமானத்தில் ஆர்க்டிக் பகுதிக்குக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். உங்கள் மேசையில் ஒரே ஒரு முறை பலகையைச் சாய்த்து, கதவிடுக்கின் வழியே கூழை வரவிடுங்கள். அதை நேராக ஓட்டினால் நுழைவு, தலைகீழாக ஓட்டினால் பின்வாங்கல். இடையில் நடிகர்களின் முகங்களைச் சேர்த்தால் காட்சி முழுமையாகிவிடும்.

வேலை முடிந்ததும் கூழைக் கழுவுத்தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பெரும்பகுதியை உறையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, பலகையில் ஒட்டியிருப்பதன்மேல் வினிகரைத் தெளியுங்கள். அமிலம் பட்டதும் வெண்காரத்தின் பிணைப்பு விட்டுப்போய்க் கூழ் நீர்த்துவிடும், ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடலாம்.