கேஷ் வந்தது காசிலிருந்தா? வேர்ச்சொல் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம்ம ‘காசு’தான் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடுகிறோம். ஒலி ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது, அப்புறம் என்ன? இந்த ‘அப்புறம் என்ன’தான் முதல் தவறு. அந்தச் சொல் எப்போது, யார் வாய்வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது என்று பார்க்காமல் எதையும் முடிவு கட்டக்கூடாது. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளிலிருந்து போனது. இத்தாலியில் அது ‘காஸ்ஸா’. பெட்டி என்று பொருள். மூலம் லத்தீனின் ‘காப்ஸா’. பணப்பெட்டியைக் குறித்த சொல், பெட்டிக்குள் இருந்த பணத்துக்கே பெயராகிவிட்டது.

சரி, காசுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டல் என்றால் ஒரே சொல்தான் என்று நினைப்பது அடுத்த தவறு. பெரிய ஆங்கில அகராதிகளில் கேஷ் இரண்டு தனித்தனிப் பதிவுகளாக இருக்கும். இரண்டாவது கேஷ், இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயம். அதுதான் நம் காசு. போர்த்துக்கீசியரின் ‘கைஷா’ வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. போர்த்துக்கீசியத்தில் அதே ‘கைஷா’வுக்குப் பெட்டி என்றும் பொருள் உண்டு, குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு ‘பணம்’, 42 பணம் ஒரு ‘வராகன்’; இரண்டுமே அந்தக்கால நாணயங்கள். 1808ஆம் ஆண்டு பொறித்த செம்புக் காசுகளைச் சென்னைக்கு ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டிலேயே மூழ்கிவிட்டது. அவற்றில் 20 காசு நாணயத்தின் ஒரு பக்கத்தில், பாரசீக எழுத்துக்கு அடியில், ரோமன் எண்ணில் ‘XX CASH’ என்று இருக்கும். தமிழ்க் காசு வேண்டுமென்றால் இந்தக் கேஷைக் காட்டிப் பெருமைப்படலாம், தப்பில்லை.

முதலெழுத்துக் கதைகளை நம்பவே வேண்டாம். நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ‘நியூஸ்’ ஆனது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது சும்மா. ‘நியூ’ என்பதன் பன்மைதான் நியூஸ், புதியவை. பழைய எழுத்துக்கூட்டலில் இன்னொரு ‘ஈ’ உண்டு. அப்படிப் பார்த்தால் கிழக்கு இரண்டு தடவை வரவேண்டும்.

வேர் சரியாகவே கிடைத்தாலும் ஒரு சறுக்கல் பாக்கியிருக்கிறது: வேர்ப்பொருளையே இன்றைய பொருளாக எடுத்துக்கொள்வது. ‘கேட்டமரான்’ நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் அது இணையாக இரண்டு அடிப்பகுதிகள் கொண்ட படகு; அதில் கட்டும் இல்லை, மரமும் இருக்கவேண்டியதில்லை. நம் மீனவரின் கட்டுமரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது வெறுமனே கேட்டமரான் என்று விட்டுவிட்டால், படிக்கிறவர் மனதில் உல்லாசப் படகுதான் வந்து நிற்கும். மரங்களைக் கயிற்றால் பிணைத்த தெப்பம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.