பீட்டர் க்ரீன் காலத்து ஃப்ளீட்வுட் மேக்: மேடைப் பதிவுகளைக் கேட்கும் முறை

ஃப்ளீட்வுட் மேக் குழு 1977-இல் வெளியிட்ட, பாப் பாணியிலான 'ரூமர்ஸ்' ஆல்பத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் இந்தப் பதிவுகள் ஏமாற்றும். 1967 முதல் 1970 வரை இது அடிப்படையில் ஒரு ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) குழு. குழுவைத் தொடங்கிய பீட்டர் க்ரீன், ஜெரமி ஸ்பென்சர், 1968-இல் சேர்ந்த டேனி கிர்வன் என மூன்று கிடார்காரர்கள். பேஸில் ஜான் மெக்வீ, ட்ரம்ஸில் மிக் ஃப்ளீட்வுட். இந்த இருவர்தான் பின்னாளைய புகழ்பெற்ற குழுவிலும் இருந்தவர்கள்.

தொடங்க வேண்டிய இடம், 1970 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 'பாஸ்டன் டீ பார்ட்டி' என்ற அரங்கில் பதிவான கச்சேரிகள். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்; மெக்வீயின் பேஸ் காணாமல் போனால் பாதி இசை போய்விடும். ஹெட்ஃபோன் போதும். பாடல்களை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, யார் வாசிக்கிறார் என்று பிரித்தறியப் பழகுங்கள். விரலில் மாட்டிய குழாய் கம்பியில் வழுக்கும் ஸ்லைடு ஒலி என்றால் ஸ்பென்சர். அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் எல்மோர் ஜேம்ஸின் பாணி. ஸ்வரத்தை வேகமாக நடுங்கவிடுபவர் கிர்வன். க்ரீன் குறைவாகவே வாசிப்பார், இரண்டு வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுவார். அந்த இடைவெளிதான் அவருடைய பெரிய பலம். அவருடைய 1959 லெஸ் பால் கிடாரில் ஒரு பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பாகம்) காந்தம் திரும்பியிருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் அவற்றின் ஒலி ஒன்றையொன்று ஓரளவு ரத்து செய்துகொள்ளும். அடித்தொனி மெலிந்து, மூக்கால் பாடுவது போன்ற குரல் எழும். மெதுவான பாடல்களில் இதைக் கவனியுங்கள்.

காது பழகியபின் 'ராட்டில்ஸ்னேக் ஷேக்' பாட்டுக்கு வாருங்கள். ஸ்டுடியோவில் மூன்றரை நிமிடம். பாஸ்டனில் இருபதைத் தாண்டும். பலர் நடுவில் நிறுத்திவிடுவது இங்கேதான், நீண்ட வாசிப்புக்குப் பின் பாடும் பகுதி எப்போது திரும்பும் என்று காத்திருப்பதால். முதல் முறை கிடாரை விட்டுவிட்டு ஃப்ளீட்வுட்டை மட்டும் பின்தொடருங்கள். குழு வேகமெடுப்பதும் அடங்குவதும் ட்ரம்ஸில் தெளிவாகத் தெரியும். இரண்டாம் முறை க்ரீனும் கிர்வனும் ஒருவருக்கொருவர் பதில் சொல்வதைக் கேளுங்கள்.

வாங்கும்போது எச்சரிக்கை: ஒரே பாஸ்டன் பதிவுகள் பல பெயர்களில், பல அட்டைகளில் விற்கப்படுகின்றன. அட்டைப் படத்தை நம்பாமல் இடத்தையும் தேதியையும் பாருங்கள். 1970 மே மாதத்தில் க்ரீன் விலகினார். ஸ்பென்சர் திடீரென வெளியேறியபோது 1971 தொடக்கத்தில் ஒரு சுற்றுப்பயணத்தை முடித்துக்கொடுக்க வந்த சில வாரங்கள் தவிர, அந்த மே மாதத்துக்குப் பிந்தைய மேடைப் பதிவுகளில் க்ரீன் இருக்க மாட்டார்.