யூரியா மூட்டையத் தூக்குறதுக்கு முன்னாடி: நம்ம வயல்ல நாமளே பண்ற தப்புக

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வயல் வச்சிருக்க யாரக் கேட்டாலும் "முன்ன மாதிரி வெளயல"ங்கிறதுதான் ஒரே பாட்டு. மழைய கொற சொல்லுவோம், விதைய கொற சொல்லுவோம், பக்கத்து வயக்காரன் கண்ணக்கூட விட மாட்டோம், மண்ண மட்டும் யாரும் பேசுறதில்ல.

நம்மூர்ல நெறைய எடத்துல செம்மண்ணு, சரளை. தண்ணியயும் சத்தயும் புடிச்சு வைக்கிற தெம்பு அதுக்குக் கம்மி. அதனாலதான் பெரியவங்க கோடையில கம்மாய் வத்துனதும் மாட்டுவண்டியில வண்டல அள்ளியாந்து வயல்ல கொட்டுனாங்க, ஆடு மேய்க்கிற கீதாரிகள வரச்சொல்லி ராத்திரி ஆட்ட வயல்ல அடைச்சு கிடை போட்டாங்க. வயல விட்டு மழையில ஓடுற மண்ணுதான் கம்மாயில போயி படியுது, அதையே திரும்ப அள்ளியாந்தா வயலுக்கும் சத்து, கம்மாயும் ஆழமாகும். இத விட்டதுதான் என்னயக் கேட்டா மொத தப்பு, பெரிய தப்பும் அதுதான். இப்ப கம்மாயி தூந்து, சீமக்கருவ மண்டி, ரொம்பி நிக்கிற நாளே கொறஞ்சு போச்சு, நாம போர் போட்டுக்கிட்டு இருக்கோம். வண்டல் அள்ள தாலுகா ஆபீஸ்ல அனுமதி வாங்கணும், கொஞ்சம் அலைச்சல்தான், ஆனா அள்ளலாம். வண்டல்ங்கிற பேர்ல அடியில கெடக்குற கிராவலத் தோண்டி விக்கிறது வேற கத, அதுல நம்ம வயலுக்கு ஒண்ணும் வராது.

அடுத்தது யூரியா. 45 கிலோ மூட்டையில தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம், கிட்டத்தட்ட 21 கிலோ. பயிர் வெளுத்தா உடனே மூட்டையப் பிரிச்சிடுறோம், வெளுக்குறதுக்கு துத்தநாகக் கொறையும் காரணமா இருக்கலாம்னு யோசிக்கிறதே இல்ல. அதுவும் மழ இருட்டிக்கிட்டு நிக்கிறப்ப வீசுனா, பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணியோட ஊருணிக்கும் கம்மாய்க்கும் போயி பாசியும் ஆகாயத்தாமரையும் வளக்கும். கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடா மேல போகும், எடைக்கு எடை பாத்தா கார்பன் டை ஆக்சைட விட 270 மடங்குக்கு மேல சூடேத்துற வாயு அது. வருஷக்கணக்கா யூரியாவே போட்டா செம்மண்ணு புளிப்பேறவும் செய்யும். பிரிச்சு பிரிச்சு போடுங்க, விதைக்கிறதுக்கு முன்னாடி தண்ணி இருந்தா பசுந்தாள் உரத்துக்கு தக்கைப்பூண்டோ கொளுஞ்சியோ வெதச்சு மடக்கி உழுங்க.

யாரும் தப்பாவே நெனைக்காத ஒண்ணு வைக்கோல். மெஷின் அறுத்துட்டுப் போன கையோட கட்டு கட்டி வித்துடுறோம், நெல்லுப் பயிர் எடுத்த பொட்டாஷ்ல பெரும்பகுதி அந்த வைக்கோல்லதான் இருக்கு. மாடு இருந்த காலத்துல அது சாணியா வயலுக்குத் திரும்பி வந்துச்சு, இப்ப லாரி ஏறிப் போகுது. கொளுத்துறது அதவிட மோசம், அடித்தாள அரையடி உசரமாவது வயல்ல விட்டு மடக்கி உழுதுடுங்க.

டிராக்டர்ல மாட்டி மேல் மண்ணப் பொடியாக்குற ரோட்டாவேட்டர் மட்டும் ஓட்டிக்கிட்டே இருந்தா அடியில மண்ணு இறுகிப் போகும், வேரும் எறங்காது தண்ணியும் எறங்காது. போர் தண்ணி உப்பா இருந்தா அதையும் டெஸ்ட் பண்ணிட்டுப் பாய்ச்சுங்க.

மண்ணு டெஸ்டுக்கு எடுக்குறதுலயும் தப்பு நடக்குது. அறுப்பு முடிஞ்சு அடுத்த உரம் போடுறதுக்கு முன்னாடி, வயல்ல பத்து எடத்துல வி மாதிரி குழி வெட்டி 15 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் பக்கவாட்டு மண்ணச் சுரண்டி, எல்லாத்தயும் கலந்து அரக்கிலோ குடுக்கணும். வரப்போரம், மரத்தடி, குப்ப கொட்டுன எடம் கூடவே கூடாது. நான் மொத தடவ சோம்பேறித்தனமா குப்பமேட்டோரமா அள்ளிக் குடுத்துட்டு, சத்து அள்ளுதுன்னு ரிசல்ட் வந்ததும் ரெண்டு நாள் ஊருக்குள்ள பெருமையா சுத்துனேன்.