ஆட்சிக்குழுவுக்கு ஆள் தேடும்போது செய்யக் கூடாத தவறுகள்

நீலகிரியில் உள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் ஆட்சிக்குழுவில் நான் வெளி உறுப்பினர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவுக்கு ஒரு படிவம் வந்தது. நிதி, சட்டம், கட்டுமானம், கல்வித்தரம், பணியாளர் நிர்வாகம் என்று தலைப்புகள். ஒவ்வொன்றிலும் தமக்கு எவ்வளவு திறமை உண்டு என்று ஐந்துக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். நிதிக்கு நான் நான்கு போட்டேன். தொகுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லோரும் நான்குதான் போட்டிருந்தோம்.

அதே கூட்டத்தில் ஆண்டுக் கணக்கும் வந்தது. மாணவர்கள் சேரும்போது கட்டும் முன்வைப்புத் தொகை வரவுப் பக்கத்தில் இருந்தது. படிப்பு முடிந்ததும் திருப்பித் தர வேண்டிய பணம் அது. கல்லூரிக்கு அது கடன், வருமானம் ஆகாது. எங்களில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னால் தணிக்கையாளர் சுட்டிக்காட்டியபோதுதான், உபரி என்று நம்பி நூலகத்துக்கு ஒதுக்கிய தொகையில் பிள்ளைகளின் பணமும் கலந்திருந்தது தெரிந்தது.

அந்தப் படிவத்தைப் பலமுறை திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன். குழுவின் முன்னால் என்னென்ன வேலைகள் வரப்போகின்றன என்று முதலில் எழுதி, அதற்கு யார் வேண்டும் என்று தேடியிருக்க வேண்டும். நாங்கள் இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பொருந்தும் தலைப்புகளை எழுதினோம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படி வரிசை மாறியதால் வருபவை.

"சட்டம் சொல்கிறபடிதானே ஆள் வருகிறார்கள்?"

உறுப்பினர்களின் திறமையை மதிப்பிடவே வேண்டாம் என்பவர்கள் முதலில் சொல்லும் வாதம் இது. அதில் பாதி உண்மை இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டில் யார் யார் இடம்பெற வேண்டும் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டமே வகுத்துவிடுகிறது. பதவி வழியாக வருபவர்கள், நியமிக்கப்படுபவர்கள், தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் என்று வரிசை உண்டு. பழனி மலையில் 1984-இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு சட்டத்தின் கீழ்தான் இயங்குகிறது. தன்னாட்சிக் கல்லூரியிலும் நிர்வாக அறக்கட்டளையினர், மூத்த ஆசிரியர்கள், அரசும் பல்கலைக்கழகமும் அனுப்பும் பிரதிநிதிகள், முதல்வர் என்று இடங்கள் பெரும்பாலும் முடிவானவை.

இருந்தாலும் மதிப்பீட்டுக்கு வேலை இருக்கிறது. பிரதிநிதியை அனுப்புகிறவர்களிடம் "எங்களுக்குக் கணக்குத் தெரிந்தவர் தேவை" என்று எழுதிக் கேட்கலாம். கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நிதிக்குழுவுக்கும் கட்டடக் குழுவுக்கும் யாரை அமர்த்துவது என்பது நம் கையில் இருக்கிறது. புது உறுப்பினருக்கு எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பதினைந்து ஆண்டுகளில் உயர்கல்வி நிறுவனங்கள் படிப்படியாகத் தம்மைத் தாமே ஆளும் ஆட்சிக்குழுக்களை நோக்கி நகர வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையை ஏற்பதா மறுப்பதா என்பது வேறு விவாதம். ஆனால் ஆள் தேர்வின் பொறுப்பு குழுவின் தலையில் வந்து விழும் நாளுக்கு இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

அகலமான தலைப்புகள்

என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறு இதுதான். எங்கள் கல்லூரி ஒரு விடுதி கட்ட நினைத்தது. "கட்டுமானம்" என்ற கட்டத்தில் ஒருவருக்கு முழு மதிப்பெண் இருந்தது. கோவையில் பெரிய கட்டடங்கள் கட்டி நல்ல பெயர் எடுத்த பொறியாளர் அவர். வரைபடமும் மதிப்பீட்டுத் தொகையும் வந்தன. அவர் பார்த்து ஒப்புதல் சொன்னார். நாங்களும் தலையசைத்தோம்.

வேறொரு விவாதப் பொருளுக்காக அழைக்கப்பட்டிருந்த விடுதிக் காப்பாளர் அப்போது ஒன்று கேட்டார். "மேல் ரோட்டுத் தண்ணீர் எல்லாம் இந்தச் சரிவில்தானே இறங்கி வருகிறது, அது இனி எங்கே போகும்?"

மதிப்பீட்டைப் புரட்டினோம். தாங்கு சுவருக்குப் பணம் இல்லை. வடிகாலுக்கும் இல்லை. சிமெண்டையும் கம்பியையும் மலைப்பாதையில் ஏற்றிக் கொண்டுவரும் கூலி சமவெளிக் கணக்கில் இருந்தது. மலைப்பகுதியில் கட்டுவதற்கு வேண்டிய தனி அனுமதிகளுக்கு எத்தனை மாதம் ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. அந்த வாரத்தைப் பார்த்தவர்கள் சரிவில் விடுதி கட்டும் கோப்பைக் கண்டதும் முதலில் தண்ணீரைத்தான் கேட்பார்கள். பொறியாளர் மேல் குற்றமில்லை. அவருக்குத் தெரிந்த மண் வேறு. குற்றம் எங்கள் திறமை அட்டவணையில் இருந்தது.

இடத்தை மாற்றினோம். ஓராண்டு தாமதம் ஆனது. அட்டவணையில் "கட்டுமானம்" என்ற ஒரே கட்டத்தை மூன்றாகப் பிரித்தோம்: மலைச்சரிவில் கட்டிய அனுபவம், அனுமதி நடைமுறைகள், ஒப்பந்தப்புள்ளிகளைச் சரிபார்க்கும் பழக்கம். நிதியும் அப்படியே உடைந்தது. வரவு செலவுத் திட்டம் படிக்கத் தெரிவது ஒன்று, அறக்கட்டளைக் கணக்கின் இயல்பு தெரிவது இன்னொன்று, தணிக்கை அறிக்கையில் எதைத் துருவ வேண்டும் என்று தெரிவது மற்றொன்று. வங்கி அதிகாரியாக ஓய்வு பெற்றவர் மூன்றிலும் வல்லவராக இருப்பார் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

ஒரு தலைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கடந்த இரண்டு ஆண்டுகளின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பொருளில் குழு தடுமாறியது, எது மூன்று கூட்டங்களாக ஒத்திவைக்கப்பட்டது, எது பேச்சே இல்லாமல் நிறைவேறியது என்று குறியுங்கள். பேச்சே இல்லாமல் நிறைவேறியவற்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். எங்கள் முன்வைப்புத் தொகை விவகாரம் அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

பதவியும் திறமையும்

ஓய்வு பெற்ற உயர் அதிகாரி, புகழ் பெற்ற மருத்துவர், தொழிலதிபர் என்று பெயர்கள் வரும். பட்டமளிப்பு விழா மேடைக்கு யாரை அழைப்பது என்பதும் ஆட்சிக்குழுவுக்கு யாரைக் கொண்டுவருவது என்பதும் வெவ்வேறு கேள்விகள். தன்விவரக் குறிப்பு ஒருவர் எங்கே இருந்தார் என்று சொல்லும். அங்கே என்ன செய்தார் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் தலைமையில் இருந்து உத்தரவு போட்டவருக்கு, முதல்வரின் அன்றாட வேலையில் கைவைக்காமல் மேற்பார்வை மட்டும் செய்வது கடினமாகவே இருக்கும். ஆட்சிக்குழுவின் வேலை நெறிப்படுத்துவதும் கணக்குக் கேட்பதும். வகுப்பு அட்டவணை போடுவதோ கடைநிலை ஊழியரை இடம் மாற்றுவதோ அதன் வேலை ஆகாது.

சுய மதிப்பெண்ணை நாங்கள் கைவிட்டோம். அதற்குப் பதில், பெயர்களை நீக்கிய பழைய கூட்டக் கோப்பு ஒன்றைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் தருகிறோம். "இந்தக் கூட்டத்தில் நீங்கள் கேட்கும் மூன்று கேள்விகள் என்ன?" என்று கேட்கிறோம். பெரியவர்களை இப்படிச் சோதிக்கலாமா என்று எங்களுக்குள்ளேயே தயக்கம் இருந்தது. ஆனால் அழைக்கப்பட்டவர்கள் யாரும் கோபிக்கவில்லை. இந்தக் குழு வேலையைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்றுதான் புரிந்துகொண்டார்கள். தோட்டப் பகுதிப் பள்ளி ஒன்றின் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை அந்தக் கோப்பைப் படித்துவிட்டு, கூடலூர்ப் பக்கத்திலிருந்து சேரும் பிள்ளைகள் ஏன் இரண்டாம் ஆண்டில் குறைந்துபோகிறார்கள் என்று கேட்டார். அந்த எண்கள் எத்தனையோ ஆண்டுகளாக எங்கள் மேசைக்கு வந்துகொண்டிருந்தன.

மரியாதைக்கு ஓர் இடம்

"உள்ளூர்ப் பிரதிநிதி" என்று ஒரு நாற்காலி போட்டு, அதற்கு எந்தத் திறனும் எழுதாமல் விடுவது அவரையும் அவமதிப்பது, கல்லூரியையும் ஏமாற்றுவது. இந்த மலையில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். படகர் ஊர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழ் கிடைக்கப் படும் பாடு, கடைசி பஸ் போய்விடும் என்று நான்கு மணிக்கே ஆய்வகத்தை விட்டு எழும் மாணவி, பசுந்தேயிலை விலை விழும்போது தவறும் கட்டணத் தவணை, இவற்றை அறிந்திருப்பது தணிக்கை அறிக்கையைப் படிப்பதற்கு இணையான திறமை. அட்டவணையில் அதற்கும் ஒரு தலைப்பு வேண்டும். அந்தத் தலைப்பில் மற்ற உறுப்பினர்களையும் மதிப்பிட வேண்டும். எங்கள் குழுவில் அப்படிப் பார்த்தபோது பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

குணத்தை எப்படிப் பார்ப்பது?

குணத்தை அளக்க முடியாது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. "நேர்மையானவர்" என்ற கட்டத்தில் எல்லோருக்கும் ஐந்து போட்டு முடிக்கிறவர்களும் உண்டு. இரண்டாலும் பயன் இல்லை. பிரிட்டனில் நோலன் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1995-இல் பொதுவாழ்வுக்கு ஏழு நெறிகளை வகுத்தது: தன்னலமின்மை, நேர்மை, நடுநிலை, பதில் சொல்லும் பொறுப்பு, வெளிப்படைத்தன்மை, வாய்மை, முன்னின்று நடத்தும் ஆற்றல். அங்கே பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களும் இவற்றைத் தம் உறுப்பினர்களிடம் எதிர்பார்க்கின்றன. நெறியாக இருக்கும்வரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அதைச் செயலாக மாற்றிக் கேட்டால்தான் வேறுபாடு தெரியும். "கையிலிருந்த சான்றைப் பார்த்து உங்கள் கருத்தை மாற்றிக்கொண்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்." "நீங்கள் எதிர்த்த தீர்மானம் நிறைவேறிய பிறகு என்ன செய்தீர்கள்?" இந்த இரண்டாவது கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வெளியே போய்க் குறை சொல்லும் ஒருவர் போதும், குழுவின் பாதிப் பலம் போய்விடும்.

நலன் முரண்பாட்டையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மலை ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு அல்லது வியாபாரத் தொடர்பு உள்ளவர்கள். கல்லூரிக்கு வாகனம் ஓட்டுபவரின் மைத்துனர் உறுப்பினராக இருப்பது குற்றம் இல்லை. எழுத்தில் தெரிவித்துவிட்டு, அந்தப் பொருள் வரும்போது அறையை விட்டு வெளியே போய்விட்டால் சரி. தெரிவிக்கத் தயங்குகிறவர் எவ்வளவு திறமை உள்ளவராக இருந்தாலும் வேண்டாம்.

நேரமும் ஒரு தகுதிதான். சென்னையிலிருந்து வருபவர் இரவு ரயிலில் மேட்டுப்பாளையம் வந்து, அதன்பின் மலை ஏற வேண்டும். கோடைக்கால நெரிசலில் அந்தப் பாதை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் வந்துவிட்டது. ஆண்டுக்கு எத்தனை நாள் தர முடியும், கூட்டத்துக்கு முன் கோப்பைப் படிக்க ஒரு முழு நாள் ஒதுக்க முடியுமா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது.

பூட்டி வைப்பது

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919-ஆம் ஆண்டும் 921-ஆம் ஆண்டும் வெட்டப்பட்டவை, ஊர் வாரியங்களுக்கு யார் வரலாம், யார் வரக் கூடாது என்று விரிவாகச் சொல்கின்றன. அது வேதம் கற்ற பிராமணர்களின் சபை. நிலமும் வேதக் கல்வியும் கேட்ட அந்த விதிகள் ஊரில் பெரும்பாலானவர்களை வெளியே நிறுத்தின. அதை நாம் பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. ஆனாலும் இரண்டு செய்திகளைக் கவனிக்கலாம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினரும் கூடாது என்று தகுதியின்மையைத் தயங்காமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இரண்டே ஆண்டில் விதிகளைத் திருத்தியும் இருக்கிறார்கள். வயது வரம்பு 30–60 என்றிருந்தது 35–70 ஆனது.

எங்கள் படிவம் நான்கு ஆண்டு அலமாரியில் இருந்தது. இதற்கிடையே இரண்டு உறுப்பினர்கள் மாறினார்கள், ஒரு புதுத் துறை வந்தது, விடுதி வந்தது. வரும் ஜூன் மாதம் இன்னும் இருவரின் பதவிக்காலம் முடிகிறது. மார்ச்சிலேயே அட்டவணையை வெளியே எடுக்க வேண்டும் என்றும், காலியாக உள்ள கட்டங்களைப் படித்து முடிக்கும்வரை யாருடைய பெயரும் பேச்சில் வரக் கூடாது என்றும் உறுப்பினர் செயலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாகச் சேர்த்திருக்கிறார்.