கறிவேப்பிலை கருகுகிறதா? தண்ணீர் ஊற்றுமுன் வேரைப் பாருங்கள்

இலை ஓரம் பழுப்பாகிறது. கிளை நுனி கறுத்து, மெல்லக் கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வருகிறது. உடனே கை போவது தண்ணீர்க் குவளைக்குத்தான். சிலர் கூடவே ஒரு பிடி உரமும் போடுவார்கள். சிங்கப்பூர் அடுக்குமாடித் தாழ்வாரத்துத் தொட்டிச் செடிகள் பல இந்த அவசரத்தில்தான் போகின்றன. மண் வறண்டாலும் இலை கருகும், வேர் அழுகினாலும் கருகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடும். அதனால் காரணம் தெரியும்வரை தண்ணீரும் வேண்டாம், உரமும் வேண்டாம்.

படி 1: காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

சாத்தே குச்சி (இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி) ஒன்றை மண்ணில் 8 முதல் 10 செ.மீ. ஆழம் இறக்கி, 10 நிமிடம் விட்டு எடுங்கள். குச்சி ஈரமாக, மண் ஒட்டிக்கொண்டு வந்தும் செடி வாடியிருந்தால் வேர் அழுகல்தான் முதல் சந்தேகம். புளித்த வாடையும் சேர்ந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. டிசம்பர், ஜனவரி மழையில் இது சகஜம்.

குச்சி உலர்ந்து வந்து, ஊற்றிய நீர் தொட்டியின் உள்விளிம்பு வழியாகச் சரசரவென்று ஓடிவிட்டால் வேர் தொட்டியை நிறைத்துவிட்டது, அல்லது மண் இறுகிவிட்டது. பிப்ரவரி மாத வறண்ட காற்றில் இப்படிப்பட்ட தொட்டிதான் முதலில் கருகும்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் மட்டும் எரிந்து, மண்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் உர உப்பு சேர்ந்துவிட்டது. மோர் ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் கவனியுங்கள்: உப்புப் போட்ட மோர் செடிக்கு ஆகவே ஆகாது. உப்பில்லாத புளித்த மோர்கூட, வடியாத மண்ணில் வாடையைத்தான் கிளப்பும்.

ஒரு பக்கத்து இலைகள் மட்டும் கருகினால் செடியை விட்டுவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். ஏர்கான் கம்ப்ரசரின் வெப்பக் காற்று நேராக அடிக்கிறதா? நிழலில் இருந்த தொட்டியைத் திடீரென்று மதிய வெயிலுக்கு மாற்றினீர்களா? அப்படியானால் தொட்டியை நகர்த்தினால் போதும். தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் அகலம் விட்டு வையுங்கள்.

இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் அது கருகலே அல்ல, இரும்புச்சத்துக் குறை. அதற்கு வைத்தியம் வேறு.

படி 2: காய்ந்த கிளையை வெட்டுங்கள்

நுனியிலிருந்து கீழ்நோக்கி நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிக்கொண்டே வாருங்கள். பழுப்பாக இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பச்சை தொடங்கும் இடத்துக்கு 2 செ.மீ. கீழே, ஒரு கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் பழுப்பு வளையமோ புள்ளியோ இருந்தால் இன்னும் இறங்க வேண்டும். இங்கேதான் பலர் பாசம் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம் விட்ட பழுப்பிலிருந்து கிளை மறுபடி கீழ்நோக்கிக் காயும்.

ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரியை 70% ஆல்கஹாலில் துடையுங்கள். மழையில்லாத நாளாகப் பார்த்து வெட்டுங்கள். வெட்டுவாயில் மஞ்சளோ பசையோ பூச வேண்டியதில்லை, காற்றில் உலரட்டும். வெட்டிய துண்டுகளைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், மண்ணிலேயே போட்டு வைக்காதீர்கள்.

படி 3: வேருக்கு வைத்தியம்

உப்புதான் காரணம் என்றால் மண்ணைக் கழுவினால் போதும். தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், அதன் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி முழுதும் வடியவிடுங்கள்: 5 லிட்டர் தொட்டிக்கு 10 லிட்டர். தாழ்வாரத்தில் செய்தால் கீழ்வீட்டுக்காரரின் துணி நனையும்.

அழுகல் என்றால் செடியை வெளியே எடுத்தே ஆகவேண்டும். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். கெட்ட வேர் கறுத்துக் கொழகொழத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வரும். கெட்டதை எல்லாம் வெட்டி, மிச்சத்தை நீரில் அலசுங்கள். வேர் எவ்வளவு போனதோ ஏறக்குறைய அதே அளவு இலையையும் குறையுங்கள். குறைந்த வேரால் பழைய இலைப்பாரத்துக்கு நீர் கொடுக்க முடியாது.

மாற்றி நடக் கலவை (வேர் நிறைந்த, மண் இறுகிய தொட்டிக்கும் இதுவே): சுட்ட மண் (நெருப்பில் சுட்டெடுத்த தோட்ட மண்) 2 பங்கு, பெர்லைட் அல்லது பியூமிஸ் (நீர் வடிய உதவும் இலேசான எரிமலைக் கல்) 1 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு. நாற்றுப் பண்ணைகளில் மூன்றும் கிடைக்கும். பையில் வரும் கறுப்பு மண்ணை மட்டும் நிரப்பினால் சில மாதத்தில் களிபோல் இறுகிவிடும். புதுத் தொட்டி வேர்க்கட்டியைவிடச் சுற்றிலும் 2 அல்லது 3 செ.மீ. மட்டுமே பெரிதாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைத் திரும்ப அழைக்கும்.

படி 4: தேறும் காலம்

முதல் இரண்டு வாரம் வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். பிறகு காலை வெயிலில் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கூட்டுங்கள். மண்ணின் மேல் 3 செ.மீ. உலர்ந்த பிறகே நீர்; ஊற்றினால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்ற வேண்டும். அடித்தட்டில் தேங்கியதை அப்போதே கொட்டிவிடுங்கள்: வேருக்கும் கேடு, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் அதுதான் தொட்டில்.

ஆறு வாரத்துக்கு உரம் வேண்டாம். புதுத் துளிர் வந்து விரிந்தபின், உறையில் சொன்ன அளவில் பாதி போதும்.

கருகிய பழைய இலை மறுபடி பச்சையாகாது. அதை வைத்துச் செடி தேறியதா என்று பார்க்காதீர்கள். துளிரின் நுனி சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். துளிரும் கருகினால் படி 1-க்குத் திரும்பிப் போய்க் குச்சியை மறுபடி இறக்குங்கள்.