உறவினர் வீட்டில் வாடகையில்லாமல் இருப்பவர்களுக்கு: முகாமிலிருந்து யாழ்ப்பாணம் வந்ததும் தெரிந்திருக்க வேண்டியவை

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து யாழ்ப்பாணம் வருகிற பல குடும்பங்கள் முதலில் வந்து இறங்குவது ஒரு மாமா வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோதான். வாடகை கிடையாது. "உங்கட வீடு மாதிரி இருங்கோ" என்பார்கள், மனதாரத்தான் சொல்வார்கள். கொஞ்சக் காலம் போக அவர்களின் மகனுக்குக் கல்யாணம் சரிவரும், அல்லது வீட்டுச் சொந்தக்காரர் கனடாவிலிருந்து வந்து நிற்பார், அல்லது கிணற்றடியில் ஒரு வாய்த்தர்க்கம். "வெள்ளிக்கிழமைக்குள்ள எழும்புங்கோ" என்ற சொல் வந்துவிடும் (இங்கே எழும்புவது என்றால் வீட்டைக் காலி செய்வது). நானும் மண்டபம் முகாமிலிருந்து வந்து ஒன்றரை வருசம் மாமி வீட்டு விறாந்தை அறையில் இருந்தவன். அந்தச் சொல் வந்த அன்று எனக்கு ஒரு சட்டமும் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு பிள்ளைகளோடு அன்று இரவே ரோட்டுக்கு இறங்கியிருக்க மாட்டேன்.

வாடகை கொடுக்காதவருக்கு 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கைகொடுக்காது, அது வாடகைக்காரருக்கு உரியது. நீங்கள் சொந்தக்காரரின் அனுமதியில் இருப்பவர். அனுமதியை அவர் திருப்பி எடுக்கலாம். ஆனால் அனுமதியைத் திருப்பி எடுப்பது வேறு, ஆளையும் சாமானையும் வெளியே போட்டுப் பூட்டுவது வேறு. நீங்கள் எழும்பாவிட்டால் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, பிஸ்கால் (தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்) மூலம்தான் வெளியேற்ற வேண்டும். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பொலிஸாரும் உங்களை எழுப்ப முடியாது.

பலவந்தமாக வெளியேற்றிவிட்டால்? 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காணி, வீடு பற்றிய தகராறில் அமைதி குலையும் என்றால் பொலிஸார் அதை நீதிமன்றத்துக்கு அறிவிப்பார்கள். அவர்கள் அசையாவிட்டால் நீங்களே சத்தியக் கடதாசி (சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலம்) கொடுத்து வழக்கைத் தொடங்கலாம். அங்கே உறுதி யார் பெயரில் என்பது கேள்வியல்ல (பத்திரத்தை இங்கே உறுதி என்பார்கள்), யார் உண்மையில் குடியிருந்தார் என்பதே கேள்வி. வழக்கு பதியப்பட்ட நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நீங்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், திரும்பக் குடியிருக்க நீதவான் கட்டளையிடலாம். இந்த இரண்டு மாதத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். மத்தியஸ்த சபையில் பேசி முடிப்பது நல்லதுதான், ஆனால் பேச்சு இழுபட இழுபட நாள் போய்விடும். அதனால் முதல் நாளே பொலிஸில் முறைப்பாடு எழுதி, அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க, நீங்கள் ஹோலில் பாய் விரித்துப் படுப்பவர் என்றால், அந்த இடம் உங்கள் வசம் இருந்தது என்று காட்டுவது கடினம். தனி அறை, தனித் திறப்பு (நீங்கள் சாவி என்பது), தனி அடுப்பு இருந்தால் நிலைமை வேறு. ஆகவே வந்த கிழமையே (அதாவது வாரமே) ஜீ.எஸ். எனப்படும் கிராம சேவகரின் அலுவலகத்தில் பதியுங்கள். முகாமில் தாசில்தார் ஆபீசுக்கு அலைந்த மாதிரி இங்கே பல காரியத்துக்கு ஜீ.எஸ். கையெழுத்து வேண்டும். வாக்காளர் இடாப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம், அந்த விலாசத்துக்கு வந்த தபால், எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள். மாதாமாதம் காசு கொடுத்தால் அது கரண்ட் பில்லுக்கா வாடகைக்கா என்று எழுதி வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்கவே வைக்காதீர்கள், கேட்பது சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும்.

அடி, மிரட்டல் என்று போனால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது கணவன் மனைவிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெற்றோரின் சகோதரர்களும் அவர்களின் பிள்ளைகளும் செய்யும் வன்முறையும் அதற்குள் வரும். நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

"பத்து வருசம் இருந்தால் ஆட்சி வந்துவிடும், எழும்பாதே", அதாவது நீண்ட காலம் இருந்ததாலேயே வீடு உனக்குச் சொந்தமாகிவிடும், என்று சொல்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஆட்சியுரிமைக்குப் பத்து வருசம் சொந்தக்காரரின் உரிமையை மறுத்து இருந்திருக்க வேண்டும். அவர் தயவில் உள்ளே வந்தவருக்கு வருசக் கணக்கு மட்டும் வீட்டைத் தராது. உங்களுக்குக் கதவு திறந்தவர்களுக்கு அப்படிச் செய்வது நியாயமும் இல்லை.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவதற்கென்றே அது இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு.

எழும்பத்தான் வேண்டும் என்றால் தவணை (கால அவகாசம்) கேளுங்கள். பிள்ளைகளின் சோதனை (பரீட்சை) முடியும் வரை, அல்லது மூன்று மாதம் என்று திகதி போட்டு இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்த ஒரு கடிதம் போதும். அந்தத் திகதியில் சொன்னபடி எழும்புங்கள். திறப்பைக் கொடுக்கும்போது சாமான் எல்லாம் எடுத்தாயிற்று என்று ஒரு துண்டு எழுதி, அதன் பிரதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.